ஸ்டாண்டை யார் தூக்குவது?

1866-ஆம் ஆண்டு சாமுவேல் போர்ன் மணிரங் கணவாயின் மேல் கேமராவை நிறுத்தினார். கின்னோருக்கும் ஸ்பிதிக்கும் இடையே உள்ள அந்த இடம் அவர் கணக்கில் 18,600 அடி உயரம். அந்த உயரத்தில் அதற்கு முன் யாரும் புகைப்படம் எடுத்ததில்லை. நாட்டிங்காமில் வங்கி குமாஸ்தாவாக இருந்து, மூன்று வருஷத்துக்கு முன்தான் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த ஆள் அவர். எடுத்ததோ ஈரத்தகடு முறைப் படம். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலக் கண்ணாடியில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் போட்டு எடுத்து, அந்த இடத்திலேயே கழுவியும் முடிக்க வேண்டும். ஆகவே கேமராவோடு இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள், கூடவே துரையின் சாப்பாட்டுச் சாமான் என்று ஒரு சிற்றூரே மலையேறியது. போர்னின் பயணங்களில் சுமைகூலிகள் முப்பது பேர், நாற்பது பேர், சில சமயம் அதற்கும் மேல். அவர்கள் பாதி வழியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தான் கம்பை எடுத்துக்கொண்டு தேடிப் போய் அடித்ததையும் அவரே லண்டன் பத்திரிகைக்குக் கூச்சமில்லாமல் எழுதி அனுப்பினார்.

இந்தக் கூட்டத்தில் கேமராவின் மரக்கால்களும் ஒருவர் முதுகில் போயிருக்கும். அந்த ஸ்டாண்டு என்ன எடை என்று போர்ன் கவலைப்பட்டிருக்க எந்தக் காரணமும் இல்லை. நாற்பது சுமையில் அது ஒன்று. இன்னும் இரண்டு கிலோ கூடினாலும் வலிக்கப்போவது வேறு யாருடைய தோளோ. பெரிய வடிவக் கேமராவின் முக்காலி எப்போது, ஏன் எடை குறைந்தது என்று தேடிப் போனால், உலோகத்தையும் ரசாயனத்தையும் விட இந்தக் கேள்விதான் அதிகம் பதில் சொல்கிறது: ஸ்டாண்டை யார் தூக்குவது? படம் எடுக்கிறவரே தூக்க நேர்ந்த பிறகுதான் அது மெலிய ஆரம்பித்தது.

சமவெளியிலும் அப்போது கதை வேறாக இல்லை. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சாவூரிலும் மதுரையிலும் எடுத்த படங்கள் நம்மவர்களுக்கு ஓரளவு பழக்கம். அவற்றில் முக்காலிக்காரர்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய கோயிலின் அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, இருபத்தொரு அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். படச்சுருள் இல்லாத காலம். பெரிய காகித நெகட்டிவ். ஒவ்வொரு படத்துக்கும் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் நகர்த்தி, சுவரிலிருந்து அதே தூரம், தரையிலிருந்து அதே உயரம், அதே மட்டம் என்று நிறுத்தியிருந்தால்தான் எழுத்துகளின் வரி ஒட்டில் உடையாமல் ஓடும். இவ்வளவு பொறுமையைக் கேட்ட அந்தக் கால்களைப் பற்றி ஒரு வரி கிடைப்பதில்லை. அதே கோயிலில் ஐம்பது வருஷத்துக்கு முன், 1808-இல், வில்லியம் லாம்டன் தன்னுடைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டை நில அளவைக்காகக் கோபுரத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றப் போய், அது சுவரில் மோதி நசுங்கியது. கருவி கனமாக இருந்தால் நல்லது என்று நம்பிய நூற்றாண்டு அது. தூக்க ஆள் கிடைக்கும்வரை அந்த நம்பிக்கையில் பெரிய தப்பும் இல்லை.

அமெரிக்காவில் ஆட்களுக்குப் பதில் கோவேறு கழுதைகள். வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1873-இல் கொலராடோவின் ஹோலி கிராஸ் மலையைப் படமெடுக்க எதிரே உள்ள நாட்ச் மலையில் ஏறியபோது, ஒரு கட்டத்துக்கு மேல் கழுதைகளால் வர முடியவில்லை. கேமராவும் கூடாரமும் கண்ணாடியும் மனிதர்கள் முதுகுக்கு மாறின. மறுநாள் காலையில் பனி உருகிய தண்ணீரைப் பிடித்துத்தான் தகடுகளைக் கழுவினார்.

பிறகு ஜெலட்டின் பூசிய உலர்தகடு வந்தது. ரிச்சர்டு மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1871-இல் அந்த வழியைச் சொன்னார். பத்து வருஷத்தில் கடைகளில் பெட்டி பெட்டியாகத் தகடு விற்றது. தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாவகாசமாகக் கழுவலாம் என்றானதும் கூடாரம் போயிற்று, புட்டிகள் போயின, கூலிகளில் முக்கால்வாசிப் பேர் போனார்கள். மிச்சம் நின்றவை கேமரா, லென்ஸ், தகடுகள், மூன்று கால்கள். அதுவரை கூட்டத்தில் ஒளிந்திருந்த ஸ்டாண்டு இப்போதுதான் பளுவாகக் கண்ணில் பட்டது.

1927 ஏப்ரல் 10-ஆம் தேதி ஆன்செல் ஆடம்ஸ் யோசெமிட்டியின் டைவிங் போர்டு என்ற பாறை விளிம்புக்கு ஏறிப் போனதை இந்த மாற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். வயது இருபத்தைந்து. ஆறரைக்கு எட்டரை அங்குலத் தகடு போடும் கொரோனா கேமரா, பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள், இரண்டு ஃபில்டர்கள், மரத்தில் செய்த முக்காலி. எல்லாம் சேர்த்து சுமார் 18 கிலோ. கழுதையும் இல்லை, கூலியும் இல்லை. கூட வந்தவர்கள் அடுத்த ஆண்டு அவர் மணக்கப்போகும் வர்ஜீனியாவும் சில நண்பர்களும். ஹாஃப் டோமின் செங்குத்துச் சுவரில் வெயில் திரும்பும்வரை காத்திருந்தார். கையில் மிஞ்சியது இரண்டு தகடு. ஒன்றை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். எடுத்ததுமே, மனதில் பார்த்த கறுத்த வானம் இதில் வராது என்று தோன்றியது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரைப் போட்டார். சிவப்பு ஃபில்டர் ஒளியை ஏராளமாக விழுங்கும். எஃப்/22-இல் ஐந்து விநாடி திறந்து வைக்க வேண்டியதாயிற்று. இன்று உலகம் அறிந்த அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபில்டரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மலைவிளிம்பில் ஐந்து விநாடி துளிகூட அசையாமல் நின்ற மரக்கால்களுக்கு நான் ஒரு வரி சேர்ப்பேன்.

அந்த மரம் சாதாரணமானது இல்லை. நல்ல மர ஸ்டாண்டுகள் பெரும்பாலும் ஆஷ் மரத்தில் வருகின்றன. கோடாரிப் பிடிக்கும் பேஸ்பால் மட்டைக்கும் வெள்ளைக்காரர்கள் தேடும் அதே மரம். அடி வாங்கினால் அதிர்வைக் கைக்குக் கடத்தாமல் தனக்குள்ளேயே தின்றுவிடும் நார். ஜெர்மனியின் சாக்சனியில் முல்டா என்ற ஊரில் பெர்லெபாக் நிறுவனம் 1898-இல் தொடங்கி இன்றுவரை இந்த மரத்தில்தான் கால் செய்கிறது. அமெரிக்காவில் மர ஸ்டாண்டுக்குப் பேர்போனது ரைஸ். இவற்றை வைத்திருக்கிறவர்கள் வேறெதையும் ஸ்டாண்டு என்றே ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் பேச்சில் பிடிவாதம் இருந்தாலும் இயற்பியலும் இருக்கிறது. ஆஷ் ஒரு கன சென்டிமீட்டர் 0.7 கிராமுக்குள், அலுமினியம் 2.7. விறைப்பில் அலுமினியம் மரத்தைப்போல் ஆறு மடங்கு என்றாலும், எடைக்கு எடை பார்த்தால் அலுமினியத்தின் முன்னிலை ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது. மரத்தின் உண்மையான சிக்கல் வேறு. அதை மெல்லிய குழாயாக உருட்டி ஒன்றுக்குள் ஒன்று செருக முடியாது. பட்டைப் பட்டையாகத்தான் அடுக்க வேண்டும். மடக்கினாலும் நீளமாகவே இருக்கும். முதுகுப்பையின் பக்கவாட்டில் கட்டினால் கிளைகளில் மாட்டும்.

உலோகக் குழாய் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பிரான்சில் ஆர்சென் ஜிட்சோவன் 1917-இல் தொடங்கிய ஜிட்சோ நிறுவனம் முதலில் ஷட்டர், கேபிள் போன்ற கேமரா உபகரணங்களைத்தான் செய்தது. போருக்குப் பிறகு முக்காலியே அதன் பெயராகிவிட்டது. குழாய்க்குள் குழாய், முறுக்கினால் பூட்டு. அலுமினியக் கால் உறுதியானது, மலிவானது, விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. ஆனால் பனிக்காலத்தில் வெறுங்கையால் தொட முடியாது. தட்டினால் சிறிது நேரம் ‘ங்’ என்று அதிர்ந்துகொண்டே நிற்கும். பெரிய வடிவக் கேமராவைத் தாங்கும் தடிமனில் வாங்கினால் மூன்று கிலோவை எளிதாகத் தொட்டுவிடும்.

அடுத்த கால் வந்த வழிதான் இந்தக் கதையிலேயே நீளமானது. அது தொடங்கும் இடம் எண்ணெய்க் கிணறு. கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது கிடைக்கும் புரோபிலீன் வாயுவோடு அம்மோனியாவையும் காற்றையும் சேர்த்து ஒரு வினையூக்கியின் மேல் செலுத்தினால் அக்ரிலோநைட்ரைல் கிடைக்கும். ஒஹாயோவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் கண்டுபிடித்த வழி இது. 1960-இல் லைமா நகரில் ஆலை ஓட ஆரம்பித்ததும் அதுவரை விலை உயர்ந்திருந்த சரக்கு மலிவாகிவிட்டது. அக்ரிலோநைட்ரைலைத் தொடராகக் கோத்து நூலாக இழுத்தால் பாலிஅக்ரிலோநைட்ரைல். ஊட்டி பஸ் நிலையத்துக்கு வெளியே குவித்து விற்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் இந்தக் குடும்பம்தான்.

வெள்ளை வெளேரென்ற அந்த நூலைக் கரியாக்கலாம் என்று ஜப்பானில் யோசித்தவர் அகியோ ஷிண்டோ. ஒசாகாவின் அரசுத் தொழில் ஆய்வு நிலையத்தில் 1950-களின் கடைசியில் வேலையை ஆரம்பித்தார். கரிநூல் அதற்கு முன்பே உண்டு: எடிசன் 1880-இல் ஜப்பானிய மூங்கில் நாரைக் கரியாக்கித்தான் பல்புக்குள் எரியவிட்டார். ஆனால் அந்தக் கரி தொட்டால் பொடிந்துவிடும். ஷிண்டோ காட்டிய வழியில் வந்தது வலுவான கரி. நூலை இழுத்துப் பிடித்தபடியே 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில் காற்றில் வாட்டுகிறார்கள். வெள்ளை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுப்பாகும். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தினால் நூல் தீப்பிடிக்கும். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில், நைட்ரஜன் சூழ, ஆயிரம் டிகிரிக்கு மேல். கரியைத் தவிர மற்றவை வாயுவாகப் போய்விட, நூல் பாதி எடை இழந்து வெளியே வரும். ஓர் இழை சுமார் ஏழு மைக்ரான். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு. மூவாயிரம், பன்னிரண்டாயிரம் என்று இழைகளைச் சேர்த்துத்தான் ஒரு கற்றையாகச் சுற்றுகிறார்கள்.

1971 இந்தக் கரிநூலுக்கு, அதாவது கார்பன் நாருக்கு, விசித்திரமான ஆண்டு. இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் தன் புதிய விமான எஞ்சினின் முன்விசிறியைக் கார்பன் நாரில் செய்ய முயன்று, பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் தகடுகள் சிதறிப் போய், டைட்டானியத்துக்கு மாறியிருந்தது. எஞ்சின் செலவு எல்லை மீறி, பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. அதே ஆண்டு ஜப்பானின் தோரே நிறுவனம் கார்பன் நாரை வணிக அளவில் செய்து விற்க ஆரம்பித்தது. விமானக்காரர்கள் தயங்கிய நேரத்தில் அதை வாங்கியவர்கள் மீன்பிடிக்கிறவர்களும் கோல்ஃப் ஆடுகிறவர்களும். தூண்டிற்கழியும் கோல்ஃப் மட்டையும் உடைந்தால் யாரும் சாகமாட்டார்கள். மெல்லிய, நீண்ட, விறைப்பான கறுப்புக் குழாயைச் சுற்றும் வித்தை அந்தப் பட்டறைகளில் முதிர்ந்தது. இருபது வருஷம் கழித்து, 1994-இல், ஜிட்சோ முதல் கார்பன் நார் முக்காலியை வெளியிட்டது. மலைக்காரர்களுக்கென்றே ‘மவுண்டனியர்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் நிறுவனம் பிரிட்டிஷ் கைக்கு மாறியிருந்தது. பிறகு தயாரிப்பும் இத்தாலிக்குப் போய்விட்டது.

கார்பன் நாரின் குணம் ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. அது நாரின் திசையில் மட்டுமே விறைப்பு. எல்லா நாரையும் நீளவாக்கில் படுக்க வைத்தால் எடைக்கு எடை அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு விறைப்பு வரும். விளம்பரத் தாளில் அடிக்கும் எண் அதுதான். ஆனால் அந்தக் குழாயை முறுக்கினால் எளிதாக முறுகும். முறுகாமல் இருக்க நாரைச் சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். அப்போது நீளவாக்கு விறைப்பு குறையும். நல்ல காலுக்கும் மலிவான காலுக்கும் வேறுபாடு பெரும்பாலும் இந்த அடுக்குகளின் கோணத்தில் இருக்கிறது. வெளியே பளபளக்கும் பாய்ப்பின்னல் வெறும் அலங்காரமாக இருக்கலாம். கடையில் ஸ்டாண்டை முழுதாக விரித்து, தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து ஸ்டியரிங்போலத் திருப்பிப் பார்த்தால் போதும். திரும்பிக் கொடுத்தால் கீழே வைத்துவிட்டு வரலாம்.

இனி, மலையேறுகிற ஒருவர் எதை வாங்குவது என்பது. பெரிய வடிவக் கேமரா என்றதும் பெரிய எடை என்று நினைத்துக்கொள்கிறோம். நாலுக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிம் போடும் இன்றைய மடக்குக் கேமராக்கள் அப்படி இல்லை. பிரைட்டனில் செய்யும் இன்ட்ரெப்பிட் சுமார் 1.2 கிலோ. சீனத்து ஷாமொனி அதைவிடச் சற்றுக் கூட. லென்ஸ், அதன் பலகை, ஃபிலிம் ஹோல்டர் எல்லாம் சேர்த்தும் ஸ்டாண்டின் மேல் உட்காருவது இரண்டு கிலோ சொச்சம். கல்யாண வீட்டில் ஓடியாடும் புகைப்படக்காரர் கழுத்தில் தொங்கும் கேமராவும் பெரிய ஜூம் லென்ஸும் இதே எடை, சில சமயம் இதைவிட அதிகம். அதனால் ‘பத்து கிலோ தாங்கும்’, ‘பதினெட்டு கிலோ தாங்கும்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படித்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. அந்த எண்ணை அளக்க எல்லோருக்கும் பொதுவான முறையும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் போட்டுக்கொள்கிறது.

இன்னொரு சலுகையும் இந்தக் கேமராவுக்கு உண்டு. இதில் எகிறி அடிக்கும் கண்ணாடி இல்லை. லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர் மெல்லத் திறந்து மூடும். கேமரா தன்னைத் தானே உலுக்கிக்கொள்வதில்லை. அப்படியானால் எது உலுக்குகிறது? காற்று. பெல்லோஸும் விரித்த சட்டமுமாக நிற்கும் கேமரா பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் பரப்பின்மேல் மணிக்கு 29 கிலோமீட்டர் காற்று அடித்தால் சுமார் கால் கிலோ எடையின் தள்ளல். காற்று இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்தத் தள்ளல் சீராக இருந்தால்கூடப் பரவாயில்லை. விட்டுவிட்டு வருவதுதான் தொல்லை. எஃப்/22, எஃப்/32 என்று துளையைச் சுருக்கி அரை விநாடி, இரண்டு விநாடி திறந்து வைக்கிற கேமராவுக்கு ஒவ்வொரு வீச்சும் படத்தில் ஒரு மங்கல். எட்டுக்குப் பத்து அங்குலக் கேமரா என்றால் பரப்பு நான்கு மடங்கு. அதற்கு இந்தக் கட்டுரையின் யோசனைகள் பொருந்தாது, அதைச் சுமக்கிறவர்கள் வேறு ஸ்டாண்டும் முடிந்தால் ஒரு நண்பரும் தேட வேண்டும்.

எதிரி காற்று என்று தெரிந்துவிட்டால் எங்கே எடையைக் கழிக்கலாம், எங்கே கூடாது என்பது தானாகத் தெளிவாகும். கழிக்கக்கூடாதது குழாயின் விட்டம். ஒரே சுவர்க்கனமுள்ள மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மூன்றாம் மடியில் ஏறுகிறது. மேலே 28 மில்லிமீட்டரில் தொடங்கி ஒவ்வோர் அடுக்குக்கும் நான்கு மில்லிமீட்டர் குறைந்தால், நாலடுக்குக் காலின் கடைசிக் குழாய் 16 மில்லிமீட்டர். மேல்குழாயின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. பையில் அடங்க வேண்டும் என்று ஐந்தடுக்கு ஸ்டாண்டு வாங்குகிறவர்கள் இந்தப் பென்சில் கால்களின்மேல்தான் கேமராவை நிறுத்துகிறார்கள். நடைபயணத்துக்கு 28 மில்லிமீட்டரில் தொடங்கும் மூவடுக்குக் கால் என் தேர்வு. மடக்கினால் கொஞ்சம் நீளம்தான். பைக்கு வெளியே துருத்தும். துருத்தட்டும். பூட்டும் ஒன்று குறைகிறது. ஒவ்வொரு பூட்டும் ஒரு பலவீனமான மூட்டு.

தாராளமாகக் கழிக்கக்கூடியது உயரம். கண்ணை வ்யூஃபைண்டரில் ஒட்டிப் பார்க்கும் கேமரா இல்லை இது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்புறத் தேய்கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறோம். மோவாய் உயரம் போதும், நெஞ்சு உயரமும் போதும். கால் குட்டையானால் எடை குறைவதோடு உறுதியும் வேகமாகக் கூடும். ஒரு முனை பிடித்த குழாய் வளைவது நீளத்தின் மூன்றாம் மடியில். காற்று பலமாக இருக்கும் கணவாயில் கடைசி அடுக்கை வெளியே இழுக்காமலே, மண்டியிட்டு எடுக்கிறவர்கள் கூரான படத்தோடு இறங்கி வருகிறார்கள்.

நடுத்தண்டு வேண்டாம். மூன்று கால்களின் உறுதியைச் சேர்த்துவைத்து அதன் நடுவில் ஒற்றைக் கம்பை நட்டு அதன்மேல் கேமராவை வைப்பது எனக்குப் புரியாத ஏற்பாடு. கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 200, 300 கிராம் மிச்சம். தரையோடு தாழவும் முடியும்.

காலுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் ஹெட் விஷயத்தில்தான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். காலில் அரைக் கிலோ குறைக்கப் பெரும் பணம் கொடுத்துவிட்டு, மேலே பல்சக்கர ஹெட் ஒன்றை மாட்டுவார்கள்; அதுவே ஒரு கிலோவுக்கு மேல். ஸ்டுடியோவில் அது சுகம். மலையில், இந்தப் பெரிய வடிவக் கேமராவின் முன்பலகையே மேலும் கீழும் ஏறி இறங்கும், சாயும், திரும்பும். கட்டடமோ மரமோ சாயாமல் வரவேண்டுமென்றால் கேமராவை மட்டமாக நிறுத்திவிட்டு முன்பலகையை உயர்த்தினால் முடிந்தது. ஹெட் செய்ய வேண்டிய வேலை மட்டம் பிடிப்பதும் திரும்புவதும்தான். நானூறு கிராம் பால் ஹெட் அதற்குப் போதும், பூட்டினால் நழுவாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஹெட்டே இல்லாமல் கேமராவை நேரே காலின் தலையில் திருகி, மூன்று கால்களின் நீளத்தை ஏற்றி இறக்கியே மட்டம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பழக நாளாகும், கைவந்தபின் அதைவிட இலகுவான, உறுதியான ஏற்பாடு இல்லை.

எடையில்லாத ஸ்டாண்டுக்கு எடை ஏற்ற எல்லோரும் சொல்லும் வழி, நடுவில் உள்ள கொக்கியில் முதுகுப்பையைத் தொங்கவிடுவது. காற்றில்லாத இடத்தில் அது நடக்கும். அங்கே தேவையும் இல்லை. காற்றடிக்கும் இடத்தில் பை ஊசலாடி, நாமே செலவுசெய்து கேமராவை ஆட்டிக்கொள்கிறோம். பை தரையைத் தொட்டு நிற்கும்படி கயிற்றை நீளமாக விட வேண்டும். அதைவிட நல்லது, காற்று வரும் பக்கம் நாமே நின்று உடம்பால் மறைப்பது. கறுப்புத் துணியைக் கழற்றிப் பைக்குள் திணிப்பது. இரண்டு வீச்சுக்கு நடுவே காற்று மூச்சு விடும் நேரத்தில் ஷட்டரை அழுத்துவது. 4,000 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் மூன்றில் இரண்டு பங்குதான். அதே வேகக் காற்று அங்கே அவ்வளவு பலமாகத் தள்ளாது. உச்சியில் கிடைக்கும் ஒரே இலவசம் இது. ஆனால் வேகம் அங்கே அதிகம் என்பதால் சலுகை நிலைப்பதில்லை.

ஃபிலிம் ஹோல்டரைச் செருகும் நேரத்தையும் மறக்கக்கூடாது. ஃபோகஸ் பார்த்து, சட்டம் அமைத்து, எல்லாம் பூட்டிய பிறகு கேமராவின் முதுகில் ஒரு பலகையை அழுத்திச் செருகுகிறோம். இலகுவான ஸ்டாண்டு அந்த அழுத்தலில் லேசாகத் திரும்பி, திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும். படம் கூர்மையாகத்தான் இருக்கும். ஓரத்தில் வைத்திருந்த மரம் மட்டும் பாதியோடு போயிருக்கும். ஒரு கையால் கேமராவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செருகுவது சீக்கிரமே பழக்கமாகிவிடும். கால்முனைகளில் ரப்பரைக் கழற்றி ஊசிமுனை மாட்டினால் மண்ணிலும் புல்லிலும் இந்தத் திரும்பல் பெருமளவு நின்றுவிடும். கல் தரையில் ரப்பரே மேல்.

இப்படி எல்லாம் கூட்டிக் கழித்தால் காலும் ஹெட்டுமாக ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவுக்குள் வந்து நிற்கும். அதற்கும் கீழே போகலாம். ஒரு கிலோவில் விற்கிறார்கள், நடைக்கம்புகளைச் சேர்த்துக் கட்டி ஸ்டாண்டாக்கும் சாமான்களும் விற்கிறார்கள். விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் மட்டும் எடுப்பேன் என்கிறவருக்கு அவை சரி. பகலிலும் எடுக்க நினைப்பவர் கடைசி அரைக் கிலோவை ஸ்டாண்டில் தேடாமல் ஃபிலிம் ஹோல்டர்களில் தேடலாம். ஒரு ஹோல்டருக்கு இரண்டு ஷீட்தான். பத்து ஹோல்டர் சுமக்கிறவர் அதில் ஐந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனால் தோளும் மிச்சம், ஃபிலிம் விற்கிற விலையில் காசும் மிச்சம். ஆடம்ஸ் பன்னிரண்டு தகட்டோடுதான் போனார்.

கார்பன் கால்களின் சாவு அழகானது அல்ல. அலுமினியம் நசுங்கிக் காட்டும், மரம் விரிசலிட்டுக் காட்டும். கார்பன் ஒரு பாறையில் மோதி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குப் பிரிந்து, இன்னொரு நாள் ஒரேயடியாக முறியும். முறிந்த முனையைக் கையால் தடவக்கூடாது, நார் தோலுக்குள் ஏறும். அலுமினியத்தைப்போல் உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசினை எரித்து நாரை மீட்கும் ஆலைகள் சில நாடுகளில் இருக்கின்றன; அவை விமானச் சிறகுகளுக்காகக் காத்திருக்கின்றன, முக்காலிக்காக இல்லை. அதனால் வாங்கும்போதே கேட்க வேண்டியது, ஒற்றைக் குழாய் தனியாகக் கிடைக்குமா என்பது. நல்ல நிறுவனங்கள் விற்கின்றன. முறுக்குப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் வளையங்களைப் புதுக் குழாயில் மாட்டி, மண்ணும் உப்பும் துடைத்துச் செருகினால் பத்து நிமிஷ வேலை. பெர்லெபாக் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. உடைந்த பட்டையை எந்த ஊர் ஆசாரியிடமும் கொடுத்து அதே அளவில் இழைத்து வாங்கிக்கொள்ளலாம், மரம் மட்டும் ஆஷாக இருக்காது.